பதினேழின் மேல் பதினேழு

மேசைமேல் ஒரு சிறு துண்டு. நகத்தளவுதான். ஓரம் கருகியிருந்தது.

அவள் அதைத் தொடவில்லை.

மிச்சமே இருக்கக் கூடாத பொருளின் மிச்சம் அது.

டாங்கிக் குண்டின் உறை. வெடிமருந்துக் கூழையும் காகிதக் கூழையும் சேர்த்து அச்சில் அழுத்திச் செய்வது. பித்தளை உறைபோல வெளியே வந்து விழாது. சுட்டதும் மருந்தோடு மருந்தாக எரிந்து, இருந்த இடம் தெரியாமல் போய்விட வேண்டும்.

இது போகவில்லை. சோதனைச் சூட்டின்போது பீரங்கிக் குழலுக்குள் கனன்றுகொண்டு கிடந்ததாம்.

அந்தக் கனலின் மேல்தான் அடுத்த குண்டு போகும். அதை நுழைப்பவன் ஒரு மனிதன். கையால் நுழைப்பான்.

துண்டில் அவளுடைய முத்திரை மட்டும் எரியாமல் தங்கியிருந்தது. ஆய்வாளர் எண் பதினேழு. சற்றே விலகி, அதன் மேலேயே இன்னொரு பதினேழு.

"என்னம்மா இது, பதினேழு மேல பதினேழு?" அதிகாரி தாமோதரன் சிரித்தார். "கை ஆடிடுச்சா? இந்தக் குளிருல என் கையெழுத்தே எறும்பு ஊர்ந்த மாதிரிதான் வருது. ஆயிரத்துல ஒண்ணு இப்படி மிஞ்சும். எழுதி மூடிடறேன்."

ஜன்னலுக்கு வெளியே லாரி நின்றது. அதே தொகுதியின் முந்நூறு உறைகள் அதில் இருந்தன.

பனி இறங்கிய அந்தக் காலை அவளுக்கு மறக்கவில்லை. உலர்த்தி எடுத்த உறைகளில் முத்திரை குத்தி, ஈரம் ஏறாமலிருக்க உடனே வார்னிஷ் பூச வேண்டும்; ஈரம் ஏறினால் உறை முழுதாக எரியாது. அன்று பூசும் இயந்திரம் மக்கர் செய்தது. உறைகள் இரண்டு மணி நேரம் திறந்து கிடந்தன.

காய்ந்த உறையில் முத்திரை கூர்மையாக விழும். அன்று மை பரவியது.

ஏன் பரவுகிறது என்று அவளுக்குத் தெரியும்.

மேலேயே இன்னொரு முறை குத்தினாள்.

ஒன்றிரண்டில் அல்ல.

"கை ஆடல சார்."

அவர் நிமிர்ந்தார்.

அலமாரியில் வார்னிஷ் பூசாத மாதிரி உறை ஒன்று இருந்தது. எடுத்தாள். முத்திரை குத்தினாள். பதினேழு பளிச்சென்று விழுந்தது.

பக்கத்தில் வாய் வைத்து நீளமாக ஊதினாள். வாயிலிருந்து ஆவி பறந்தது. குத்தினாள். மை பரவியது. அதன் மேலேயே மறுபடி குத்தினாள்.

துண்டின் அருகே உறையை வைத்தாள்.

அவருடைய பேனா நின்றது.

வெளியே லாரி உறுமியது. அவர் இன்னும் முத்திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் மேசையைச் சுற்றிப் போய், அவருடைய போனைத் தானே எடுத்தாள். வாசல் கேட்டின் எண்ணை அழுத்தினாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.