சொந்த வார்த்தைகளில்

மாலை வகுப்பில் முதலாண்டு வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆய்வுக் கட்டுரை எழுதக் கற்றுத் தருகிறேன். நிரோஜனின் கட்டுரையில் ஒரு பத்தியை, எழுத்துத் திருட்டைப் பிடிக்கும் கணினி சிவப்பாக்கியிருந்தது. ஒரு போர் அறிக்கையில் அதே பத்தி இருந்தது. இன்றைக்குள் சிவப்பு போகாவிட்டால் அவனுடைய இடம் போகும், விசாவும் போகும்.

“நான் களவெடுக்கேல்ல மிஸ். அறிக்கை எழுதினவைக்கு அதைச் சொன்னதே என்ர அம்மாதான்.”

“அப்ப அறிக்கை எழுதினவர் பேரைப் போட்டுடு.”

“அம்மா சொன்னதுக்கு அவற்ற பேரோ?”

“இல்லன்னா சொந்த வார்த்தையில எழுது.” விதி அதுதானா என்று சந்தேகம் வந்து விதிப்புத்தகத்தில் சரிபார்த்தேன். அதுதான்.

‘சின்னவன் யதுசனைச் சேலையில் சுற்றிக் குளக்கரையில் விட்டுவிட்டு நடந்தோம்’ என்றிருந்ததை, ‘யதுசன் என்ற சிறுவனின் உடல் துணியால் மூடப்பட்டு நீர்நிலையருகே கைவிடப்பட்டது’ என்று மாற்றினான். நன்றாக வருகிறது என்று தட்டிக்கொடுத்தேன். வரி வரியாகச் சிவப்பு அழிந்தது. கடைசியில் ஒரு சொல் மட்டும் அழியாமல் நின்றது.

“தம்பியின்ர பேரையும் மாத்தட்டோ மிஸ்?”

விதிப்புத்தகத்தை மறுபடியும் புரட்டினேன். நிமிர்ந்தபோது திரையில் சிவப்பே இல்லை.