பத்தொன்பதாவது பெயர்

"ஐயோ, கல்லை உடைக்கிறா! யாராவது பிடிங்க!"

பூங்காத் தோட்டக்காரர் போட்ட சத்தத்தில், விழாவுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள்.

இன்னும் ஒரு மணி நேரத்தில் நினைவுக்கல் திறப்பு. தையல் ஃபாக்டரித் தீயில் போன பத்தொன்பது பேரின் பெயர்கள், கறுப்புக் கல்லில். மூடியிருந்த துணியை இழுத்துப் போட்டுவிட்டு, கடைசிப் பெயரை உளியால் கொத்திக்கொண்டிருந்தாள் ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும்.

மாற்றலாகி வந்து ஒரு மாதமே ஆன நகராட்சி இன்ஜினீயர், உளியைப் பிடுங்கினார்.

"அறிவிருக்கா உனக்கு? செத்தவங்க பேர்லயா கை வைப்பே?"

"என் புருஷன் பேர்லதான் சார் வெச்சேன்."

"என்னது?"

"இந்தக் கல்லுல அது இருக்கக் கூடாது. ரெண்டு தடவை மனு கொடுத்தேன். யாரும் கண்டுக்கலை."

"அவனவன் எழுத்து சின்னதா இருக்குன்னு சண்டைக்கு வர்றான். நீ அழிக்க வர்றே! செத்த மனுஷன் மேல அப்படி என்னம்மா கோபம்?"

அதற்குள் இறந்தவர்களின் குடும்பங்கள் வந்து சேர்ந்துவிட்டன. ஆளாளுக்குக் கத்தினார்கள். "போலீஸைக் கூப்பிடுங்க!" என்றது ஒரு குரல். இன்ஜினீயர் செல்போனை எடுத்தார்.

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"கூப்பிடுங்க. அதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க. அவர் அங்கே கேட் வாட்ச்மேன். துணி திருடு போகுதுன்னு, ஷிஃப்ட் தொடங்கினதும் வெளியிலேர்ந்து பூட்டச் சொல்லி முதலாளி உத்தரவு. அன்னிக்கும் இவர்தான் பூட்டினார். பூட்டினவர் பேரு, உள்ளே வெந்த பிள்ளைங்க பேரோட நிக்கலாமா? நாளைக்குப் படிக்கிறவங்ககிட்ட இந்தக் கல்லு பொய் சொல்லலாமா?"

இன்ஜினீயர் செல்போனைக் கீழே இறக்கினார்.

"பயந்துபோய் அந்த வாரமே ஊரை விட்டு ஓடினவ நான். பதினாலு வருஷமா உங்க யார் முகத்திலயும் முழிக்கலை."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓர் அம்மா வந்தாள். கல்லில் பதினோராவது பெயர், அவளுடைய சின்ன மகள். அவள் நேராக வந்த வேகத்தைப் பார்த்து, அடித்துவிடப் போகிறாள் என்று இன்ஜினீயர் குறுக்கே பாய்ந்தார்.

"தள்ளுங்க தம்பி."

அவரை விலக்கிவிட்டு, அந்த அம்மா அவள் எதிரில் வந்து நின்றாள்.

"பூட்டினது அவர்தான்னு எங்களுக்குத் தெரியும்மா. ஓடிவந்து திறந்ததும் அவர்தான். என் பெரியவளைத் தோள்ல தூக்கிட்டு வந்து வெளியில போட்டார். 'தங்கச்சி உள்ளே இருக்கா'ன்னு அவ அலறினதும் மறுபடி உள்ளே போனார். போனவர் போனவர்தான்."

உளி பட்ட இடத்தில் ஒட்டியிருந்த தூளைக் கையால் மெல்லத் தட்டிவிட்டாள்.

"நகராட்சி போட்ட பட்டியல்ல பதினெட்டுப் பேர்தான் இருந்தது. இவர் பேர் இல்லாட்டி எங்க பிள்ளைங்க பேரும் வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததே, நாங்க பதினெட்டுக் குடும்பமும்தான்."