பாகலூர்க்காரன் கை

"மறுபடியும் பெயிலா மாஸ்டர்?"

"ஆமாப்பா. ஆறு மாசம் கழிச்சு வா." கொட்டாவியை அடக்கிக்கொண்டே கிளம்பினார் கிருஷ்ணப்பன்.

தீர்த்தகிரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாகலூரிலிருந்து பெங்களூருக்குப் பஸ்ஸில் அலைந்து மஸாஜ் படித்தாயிற்று. தொழில் தொடங்க ஓசூர் கடைவீதியில் ஓர் அறை பிடித்து, பெயர்ப்பலகையும் எழுதியாயிற்று. சர்டிபிகேட் இல்லாததால் ஒரு வருஷமாக அது சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

பரீட்சை என்றால் மாஸ்டரின் முதுகைப் பிடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். முதல் தடவை எண்ணெய் அதிகம் என்றார். அடுத்த தடவை எண்ணெய் போதாது என்றார். இன்று காரணமே சொல்லவில்லை. அவரை "அம்மா!" என்று அலறவைத்த, கூடப் படித்த எல்லப்பன் மட்டும் முதல் தடவையிலேயே பாஸ்!

ஊருக்குப் போகும் பஸ்ஸை விட்டாலும் சரி, இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று சாயங்காலம் மாஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"அவரை வெளிய வரச் சொல்லுங்கம்மா!"

மாஸ்டரின் மனைவி வெங்கடம்மாள் வாயில் விரலை வைத்தாள். "மெதுவாப் பேசு தம்பி. தூங்கறாரு."

"மூணு தடவை என்னைப் பெயிலாக்கிட்டு நிம்மதியாத் தூங்கறாரா?"

அவள் முகம் மலர்ந்தது.

"அந்தப் பாகலூர்த் தம்பி நீதானா? எந்த மருந்துக்கும் தூக்கம் வராத மனுசன்ப்பா அவரு. அஞ்சு வருசத்துல மூணே மூணு நாளுதான் இப்படி அசந்து தூங்கியிருக்காரு. மூணும் நீ பரீட்சைக்கு வந்த நாளு."

அவன் கைகளையே ஆசையாகப் பார்த்தபடி கேட்டாள்:

"அடுத்த பரீட்சை எப்பப்பா?"