ஏடு

எரிமலைக் குழம்பு வீட்டு மதிலருகே வந்து நின்று மூன்று நாளாயிற்று. அதன் மேற்பரப்பு கறுத்து இறுகியிருந்தது. "செத்துப்போச்சு" என்று தீர்ப்பளித்த திருமேனி, வண்டியில் ஏற்றிய சாமான்களை இறக்கினார். மறுபடி குடிபுகுவதால் பால் காய்ச்ச வேண்டுமென்றார். அவர் மனைவி பவளம் முற்றத்திலேயே அடுப்பை மூட்டினாள்.

பாலின்மேல் ஏடு படிந்தது. அடியிலிருந்து கிளம்பிய பால் அந்த ஏட்டைக் கிழிக்காமல் மெல்லத் தூக்கிற்று. அவள் நிமிர்ந்து மதிலைப் பார்த்தாள். முதல்நாள் பாதி மதில் உயரத்துக்கு நின்ற குழம்பு, ஓரடிகூட முன்னேறாமல், இப்போது மதிலின் மேல்விளிம்பை நெருங்கியிருந்தது.

"ஏங்க, அது சாகல. உள்ள ஓடிக்கிட்டேதான் இருக்கு. மேல்தோலத் தூக்கிக்கிட்டு எந்திரிக்குது."

"கல்லு பொங்குமாக்கும்? பயந்தாங்கொள்ளி."

"பயமில்லீங்க. எவ்வளவு நிதானம் பாருங்க. ஒரு சொட்டு சிந்தல."

அவர் வந்து பார்த்தார். கறுத்த ஓட்டின் மயிரிழை வெடிப்புக்குள் செம்மை நகர்ந்துகொண்டிருந்தது. சாமான்களை மீண்டும் வண்டியில் ஏற்றினார்.

"அடுப்ப அணைச்சிட்டு வா."

"நீங்க வண்டிய எடுங்க. பொங்கினதும் வந்துடறேன்" என்றாள் பவளம், மதிலிலிருந்து கண்ணை எடுக்காமல்.