பதிவறைப் புற்று

பதிவறை வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே ஆள் உயரப் புற்றுக்கு மஞ்சள் தூவி, பால் ஊற்றி, பெண்கள் குலவை போட்டுக்கொண்டிருந்தார்கள். பதிவறை எழுத்தர் பேச்சிராஜ் மட்டும் தலையைக் குனிந்து சுவரோரம் நின்றார். பார்த்தவர்கள் அதைப் பக்தி என்று நினைத்தார்கள்.

அது வெட்கம். அந்தப் புற்றைக் கட்டியதே அவர்தான்.

சங்கரன்கோவிலில் அது எந்த அரசு அலுவலகம் என்று கேட்கக்கூடாது. அவர்களும் மானம் உள்ளவர்கள். அங்கே மூன்று வருடம் வைத்திருந்து அழிக்கவேண்டிய கோப்புகளுக்கு 'மூன்றாண்டு முடிவு' என்று பெயர், சுருக்கமாக மூ.மு. என்றைக்கும் அழிக்கக்கூடாதவை வேறு கட்டு. முன்பிருந்த மாவட்ட அதிகாரி வெற்றிலையைத் துப்பாமலே பேசுகிறவர். ஒருநாள் அவர் தன் அலுவலகத்தில் சொல்லிவிட்டு, தென்காசியிலிருந்து ஊர் ஊராகவும் போன் போட்டு, "மூமுக் கட்டைக் கழிச்சிரும்" என்றார். பேச்சிராஜ் காதில் அது "முழுக் கட்டையும் கழிச்சிரும்" என்று விழுந்தது.

கழித்தார். லாரி வந்தது, காகித ஆலையில் எல்லாம் கூழாயிற்று. வெறும் அறையைக் கூட்டிப் பெருக்கிவிட்டு, ஒரு வேலையை மிச்சம் வைக்காமல் முடித்ததற்காகப் பெருமைப்பட்டும் கொண்டார். பின்னாலேயே தபாலில் எழுத்துமூல உத்தரவு வந்தது, மூ.மு. கட்டு மட்டும் என்று. படித்ததும் உட்கார்ந்துவிட்டார்.

தெரிந்தால் வேலை போகும். அது கிடக்கட்டும், ஊருக்குள் எந்த முகத்தோடு நடப்பது? யோசித்தார். இந்த ஊரில் புற்றுமண் நெற்றியில் பூசுகிற மண். புற்றில் மண்வெட்டி வைக்க ஒருவனுக்கும் கை வராது.

இளையரசனேந்தலிலிருந்து ஸ்கூட்டரில் சாக்குச் சாக்காக மண் கொண்டுவந்தார். விடுமுறைப் பகல்களில் கதவைச் சாத்திக்கொண்டு, காலி அலமாரியை மூடிக் குழைத்து அப்பினார். மிஞ்சிக் கிடந்த கோப்பு அட்டைகளைக் கரையான் அரித்த பாவனையில் இடையிடையே செருகி, நாடாவையும் தொங்கவிட்டார்.

திங்கட்கிழமை புற்று பிறந்தது. கோப்பு கேட்டு வந்தவர்கள் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். தட்டச்சர் ரசீதா ஒருநாள் போகிறபோக்கில், "என்ன அண்ணாச்சி, புத்து வளரவே மாட்டேங்கு" என்று கேட்டுவைத்தாள். அதிலிருந்து ஞாயிறுதோறும் அதை வளர்க்கவேண்டியதாயிற்று. பால் ஊற்றிக் கரைந்த இடங்களைப் பூசுவது தனி வேலை.

இதையெல்லாம்கூடப் பேச்சிராஜ் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாமல் போனது கடையநல்லூர் நஜ்முதீனால். தறிக்காரர். அவருடைய வாப்பா காலத்து உத்தரவு ஒன்றின் நகல் இருந்தால்தான் குடியிருக்கும் மனை அவருடையது. வரும்போதெல்லாம் புற்றைப் பார்ப்பார், கோபப்படமாட்டார், பையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து ஓரமாக வைப்பார்.

"நாங்க கும்பிடுறதில்ல. ஆனா உள்ள இருக்கது பட்டினி கெடக்கக் கூடாதுல்லா" என்றார் பேச்சிராஜிடம்.

முட்டை காணாமல் போனால்தானே உள்ளே பாம்பு இருப்பதாக அர்த்தம்? பேச்சிராஜ் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் ஆம்லெட் போட்டார். அடுத்த தடவை இரண்டு முட்டை இருந்தது. குட்டியும் இருக்குமே என்றாராம் நஜ்முதீன்.

இந்த நிலையில், தென்காசியிலிருந்து கண்காணிப்பாளர் ஹெப்சி ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வந்தது. போன வருடம்வரை அங்கே மாவட்ட அலுவலகப் பதிவறையைக் கவனித்தவர். அவரிடம் கதை விட முடியாது என்று பயமுறுத்தினார்கள். போதாததற்குக் கோயில் புற்றென்று ஒதுங்கிப்போகிறவரும் இல்லை, சர்ச்சுக்குப் போகிறவர். தோண்டச் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

ஹெப்சி வந்தார். நாற்காலியில்கூட உட்காராமல் நேரே பதிவறைக்குப் போனார். புற்றை ஒரு சுற்றுச் சுற்றினார், விரல் முட்டியால் தட்டினார், நகத்தால் சுரண்டி மண்ணை முகர்ந்தார். மழைக்காலத்தில் விரிசல் விட்டதா, பால் ஊற்றினால் கரைகிறதா, நகல் கேட்டு வருகிறவர்கள் சத்தம் போடாமல் போகிறார்களா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். ஒவ்வொரு கேள்விக்கும் பேச்சிராஜ் கொஞ்சம் கொஞ்சமாகக் கூனிக்கொண்டே போனார்.

பிறகு ஹெப்சி ரசீதாவை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

அதற்கு மேல் பேச்சிராஜால் முடியவில்லை. "மேடம், இது நான் கெட்டுனது. உள்ள ஒரு பேப்பர் கெடையாது. போன்ல சொன்னதத் தப்பாக் கேட்டு எல்லாத்தையும் கழிச்சிட்டேன். ஒரு மனுசன் பாம்புக்குன்னு முட்டை வைக்காரு, அத நான் திங்கேன். இனிமே என்னால ஆகாது. என்ன நடவடிக்கைன்னாலும் எடுத்துக்கிடுங்க."

ஹெப்சி பேனாவைத் திறக்கவில்லை. முகம் சிவந்துபோய்த் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மண் எந்த ஊரில் எடுத்தது என்று மெல்லக் கேட்டார். பேச்சிராஜ் சொன்னார்.

"தென்காசியிலயும் ஒண்ணு கெட்டித் தருவியளா, அண்ணாச்சி?"