முன்னால் போனவள்

"உடனே ஒண்ணும் தெரியாதும்மா. சில வாரம் ஆகும். நடுவுல நிறுத்திடாதீங்க" என்று சொல்லித்தான் டாக்டர் மியோங்ஹீக்கு மனச்சோர்வு மாத்திரை எழுதிக்கொடுத்தார். தென்கொரியாவின் மோக்போ துறைமுகத்துக்கு மேலே, மலைச்சரிவு வீட்டில், குளிர்காலம் முழுக்க அவள் படுத்தே கிடந்தாள்.

மாத்திரை தொடங்கிய வாரமே தங்கை போன் செய்தாள்.

"அக்கா, நேத்து மீன் சந்தையில உன்னைப் பாத்தேன். பஸ்ல இருந்து கத்துறேன், திரும்பவே இல்ல. அவ்ளோ பெரிய ஆளாயிட்டியா?"

"நான் வெளிய போகலையே."

"பொய் சொல்லாத. சிரிச்சு சிரிச்சு பேரம் பேசிட்டிருந்த."

நான்கு நாள் கழித்து, காலையில் அவள் பாடியது இனிமையாக இருந்ததென்று கீழ்வீட்டுக்காரர் சொன்னார். மியோங்ஹீ மறுக்கவில்லை. மாத்திரையை மட்டும் விடாமல் போட்டுக்கொண்டாள்.

பனி உருகிய ஒரு காலையில் குளித்து, பச்சைக் கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். சந்தையில் நண்டு விற்பவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன, எதையாச்சும் மறந்துட்டியா? இப்பதானே வாங்கிட்டுப் போன?"

"எந்தப் பக்கம் போனேன்?"

நண்டுக்காரி சிரித்துக்கொண்டே கடற்கரைச் சாலையைக் காட்டினாள்.

அங்கே, அதே பச்சைக் கோட்டில் ஒருத்தி பையை ஆட்டியபடி நடந்துகொண்டிருந்தாள். மியோங்ஹீ பின்னாலேயே போனாள். வெகுநாளுக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது.

திருப்பத்தில் முன்னால் போனவள் நின்றாள். திரும்பிப் பார்க்காமல், ஒரு கையைப் பின்னால் நீட்டினாள்.

மியோங்ஹீ ஓடிப்போய்ப் பிடித்தாள்.

சாலையில் யாரும் இல்லை. அவள் கையில் பை கனத்தது. உள்ளே நண்டுகள் மெல்ல அசைந்தன.