அம்மாக்கண்ணு உலக்கை

என் உலக்கையை அறுத்தவன் சோலைமலை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தீபாவளிக்கு மாவு இடிக்க என் சம்சாரம் அம்மாக்கண்ணு மூலையில் கை வைத்தால் உலக்கை இல்லை.

"பக்கத்து வீட்டு டிரைவரு தூக்கிட்டுப் போனாராம். புள்ளைங்க பார்த்திருக்குதுங்க" என்றாள்.

பக்கத்து வீட்டு டிரைவர்தான் சோலைமலை. தேயிலைத் தோட்டத்துத் தொரையின் ஜீப்பை ஓட்டுகிறவன். நான் பங்களா கராஜுக்குக் காவல்காரன். காமன் கூத்தில் எனக்கு வரவேண்டிய எமன் வேசத்தை அவன் தட்டிக்கொண்டு போனதிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை.

எனக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் கவலை. காசல்ரீயில் புதிதாக அணை கட்டித் தண்ணீர் தேக்கியதும் தொரை ஒரு போட்டு, அதாவது மோட்டர் படகு, வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை அதை ட்ரெயிலரில் ஏற்றி ஜீப்பில் இழுத்துப் போவார்கள். போட்டின் பின்பக்கம் மோட்டர் தொங்கும். அது தரையில் இடிக்காமல் தூக்கிக் கட்டுவது என் பொறுப்பு.

போன ஞாயிறு, ரோட்டுக்குக் குறுக்கே மழைத் தண்ணீர்க் கான் ஓடுகிற பள்ளத்தில் ஜீப் எகிறியது. கயிறு நழுவி மோட்டர் இறங்கி, தண்ணீரைத் தள்ளுகிற அதன் காத்தாடி கல்லில் உரசிவிட்டது.

"வீரய்யா, இன்னொரு கீறல் விழுந்தா பேர் வெட்டிருவேன்" என்றார் தொரை.

பேர் வெட்டினால் வேலை மட்டுமா போகும்? தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும்.

கயிற்றை இரட்டையாகக் கட்டினேன். கம்பளி சுற்றினேன். விறகுக் கட்டையை முட்டுக் கொடுத்து ட்ரெயிலரை ஆட்டிப் பார்த்தேன், கட்டை பிளந்துகொண்டது. மறுநாள் ஞாயிறு. இந்த நேரத்தில் உலக்கையும் களவு போனால் எப்படி இருக்கும்?

நேராகக் கோயில் தலைவர் ஆண்டியப்பனிடம் போனேன். சாயங்காலம் மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் கூடியது.

"ஏம்ப்பா சோலைமலை, உலக்கைய எடுத்தியா?"

"எடுத்தேங்க."

"திருப்பிக் குடுத்துரு."

"முடியாதுங்க."

"எதுக்கு எடுத்தே?"

"நாளைக்குச் சொல்றேங்க. இங்க பேசுனா நமக்கு முன்னாடி பேச்சு பங்களாவுக்குப் போயிரும்."

"தொரைசாணிக்கு மாவு இடிக்கப் போறாரு போல" என்றது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல். கூட்டமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

"ஒன் வீட்டு உலக்கைக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டேன், தலைவரைப் பார்த்தபடியே.

"அது ஆகாது" என்றான், அவனும் தலைவரைப் பார்த்தபடியே.

கொழுப்பைப் பாருங்கள். அவன் வீட்டு உலக்கை என்னுடையதைவிடப் பருமன்.

கோயிலுக்குத் தேங்காய் உடைக்க வேண்டும், எனக்குப் புது உலக்கை தர வேண்டும் என்று தீர்ப்பு. "சரிங்க" என்றான்.

ஞாயிறு காலையில் கராஜுக்குப் போனால் எனக்கு முன்னே ட்ரெயிலரை ஜீப்பில் மாட்டி வைத்திருந்தான். மோட்டர் தூக்கி நின்றது. அதன் காலுக்கும் ட்ரெயிலர் இரும்புக்கும் நடுவே, பழைய டியூபைச் சுற்றிக்கொண்டு, பூணோடு பாதி உலக்கை. என் உலக்கை.

வாயைத் திறப்பதற்குள் தொரை வந்துவிட்டார். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

கான் வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். ஜீப் எகிறி விழுந்தது. திறந்து பார்த்தால் மோட்டர் அப்படியே நிற்கிறது. அடுத்த கானிலும் அப்படித்தான். எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது.

தண்ணீர்க் கரையில் தொரை இறங்கி, குனிந்து, மோட்டரைத் தடவிப் பார்த்தார்.

"யார் செஞ்சது?"

"வீரய்யாங்க" என்றான் சோலைமலை.

"பொய். இவனுக்குக் கயிறு கட்டவே தெரியாது. நீதான் செஞ்சே."

தொரை மறுபடி குனிந்தார். உலக்கையில் சுட்ட எழுத்து இருந்தது. தீபாவளி வந்தால் எங்கள் லயத்தில் உலக்கைகள் வீடு வீடாகப் போகும், போனது லேசில் திரும்பாது. அதனால் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அவரவர் வீட்டுக்காரி பேரைச் சுட்டு வைத்திருப்போம். தமிழ்ப் பரீட்சை பாஸ் பண்ணிய தொரை. எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"அம்... மாக்... கண்ணு. யார் இது?"

"என் சம்சாரங்க."

"பொண்டாட்டி உலக்கையை வெட்டிட்டியா? இன்னைக்கு உனக்கு வீட்டுல சோறு இல்லை" என்று சிரித்தார். என் முதுகில் தட்டினார். "ஏறு" என்று போட்டிலேயே ஏற்றிக்கொண்டார்.

காசல்ரீயை ஒரு சுற்று சுற்றி வந்தேன். முகத்தில் தண்ணீர் தெறித்தது. தேயிலை மலைகளெல்லாம் என்னோடு கூடவே வந்தன. கரையில் சோலைமலை பீடி பற்ற வைத்துக்கொண்டு நின்றான்.

தொரையைப் பங்களாவில் இறக்கிவிட்டு லயத்துக்கு நடக்கும்போது, காமன் கூத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவனிடம் பேசினேன்.

"எங்கிட்ட கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

"மாட்டேன். ஒன் வீட்டு உலக்கைய அறுத்திருக்கணும்."

"அதைத்தான் மொதல்ல எடுத்தேன். அதுல எம் பொண்டாட்டி ராக்காயி பேருதானே கெடந்துச்சு" என்றான் சோலைமலை. "தொரை அதைப் படிச்சிருந்தா தட்டு எம் முதுகுல விழுந்திருக்கும். ஒம் பேரை வெட்டியிருப்பாரு."

அன்று சாயங்காலம் ராக்காயி உலக்கையில்தான் எங்கள் வீட்டு அதிரசத்துக்கு மாவு இடித்தோம். ராக்காயியும் அம்மாக்கண்ணுவும் சிரித்த சிரிப்பு லயத்துக் கடைசி வரை கேட்டது.

ஆனால் இரவல் வேறு, கடன் வேறு. சோலைமலை எனக்கு ஒரு உலக்கை தரவேண்டும். எமன் வேசமும்தான்.